கொரியா வேனுக்கு நான் கொடுத்த வாரன்டி

சர்ர்ர்... டொக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடியும் சர்ர்ர்... டொக்.

மூன்று வாரமாக, மகள் தூங்கிய பிறகு, எங்கள் வீட்டுப் படிக்கட்டுக்குக் கீழே ரோட்டோரத்தில் இந்தச் சத்தம். முதல் நாள் யாரோ கல்லறை மூடியை இழுக்கிறார்கள் என்று நினைத்து ஜெபமாலையைத் தேடினேன். கொன்வென்ட்டில் படித்தவளுக்கு அப்படித்தான் தோன்றும். இரண்டாம் நாள் விளங்கிவிட்டது. பழைய வாகனம் விற்கிற இடத்தில் எட்டு மாதம் இருந்தால் காதே மெக்கானிக் ஆகிவிடுகிறது. அது ஒரு கொரியா வேனின் இழுவைக் கதவு. சாத்தினால் சாத்திய மாதிரி இருக்கும், பூட்டிக்கொள்ளாது. அதை விற்கும்போதே எனக்குத் தெரியும். இப்போது அந்த வேனில் தினமும் பதினான்கு பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிறார்கள்.

வாயை வாடகைக்கு விட்டுச் சம்பளம் வாங்குகிறவர்களே, துணிக்கடையில் நின்று "சாயம் போகாதுங்க" என்கிறவர்களே, மருந்துக்கடையில் "இதுவும் அதுவும் ஒண்ணுதான்" என்கிறவர்களே, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் என்னைக் கெட்டவள் என்று மட்டும் சொல்வார்கள்.

மிஸ்டர் எங்கே?

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டினால் வரிசையாகக் கார் சேல்கள், பழைய வாகனக் கடைகள். அதில் ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. நாவலப்பிட்டியில் கன்னியாஸ்திரிகள் சொல்லிக்கொடுத்த ஆங்கிலமும், தெருவில் கற்ற சிங்களமும்தான் என் தகுதி. முதலாளி என் சான்றிதழ்களைப் பார்க்கவேயில்லை. "மிஸ்டர் எங்கம்மா?" என்றார். "கொரியாவுல" என்றேன். என் கணவர் அங்கே வேலைக்குப் போவதற்கான கொரியன் மொழிப் பரீட்சையை இரண்டாம் தரம் எழுதிப் பாஸ் பண்ணிப் போனவர். அங்கே கடலுக்குள் வலைக்கூடு கட்டி மீன் வளர்க்கிற இடத்தில் வேலை. அதைச் சொல்வதற்குள் முதலாளி எழுந்து நின்றுவிட்டார். எங்கள் சேலில் நிற்பதெல்லாம் ஒரே கொரியக் கம்பனியின் வாகனங்கள்.

மூன்றாம் நாள் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர் வந்தார். ஜீப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, போகலாமா நிற்கலாமா என்று யோசித்தார். முதலாளி என்னைக் கை காட்டினார். "இந்தப் பிள்ளையோட மிஸ்டர் கொரியாவுல இந்தக் கம்பனியிலதான் வேல செய்யிறாரு சேர்." நான் வாயைத் திறந்தேன். முதலாளி என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன். பொய்யை நான் சொல்லவில்லை, சும்மா நின்றேன் என்று அன்றிரவு எனக்கு நானே பாவமன்னிப்புக் கொடுத்துக்கொண்டேன். அதிபர் முகம் மலர்ந்து சொன்னார்: "அப்ப வாரன்டி நீங்கதான் மிஸ்."

மனப்பாடம்

அதற்குப் பிறகு கம்பனியின் வரலாற்றை நான்தான் சொல்ல வேண்டும் என்று ஆகிவிட்டது. அது ஒன்றும் கஷ்டமான கதை இல்லை. ஆரம்பத்தில் பஸ்ஸுக்கும் லொறிக்கும் பாடி அடித்த பட்டறை. பிறகு வெளிநாட்டு எஞ்சினை வாங்கிப் பொருத்தி ஜீப் செய்தார்கள். பிறகு வேன். பிறகு கடனில் மூழ்கி, ஒரு பெரிய கம்பனி வாங்கி, அதுவும் மூழ்கி, இன்னொரு நாட்டுக்காரர்கள் வாங்கி, அவர்களும் விட்டுவிட்டுப் போய், கடைசியில் மூன்றாவது ஆள் கையில். முதலாளி அதைத் திருத்தித் தந்தார்: "மூணு பெரிய கம்பனி ஆசைப்பட்டு வாங்கின பெயரு." பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டிக் கிண்ணம் வாங்கியவள் நான். ஏற்ற இறக்கத்தோடு சொல்வேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த ஒரு வங்கி அதிகாரி கைகட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டார். முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாகனம் வாங்கவில்லை. போகும்போது சொன்னது இதுதான்: "மூண்டு தரம் வித்துப்போனதை மூண்டு பேர் ஆசைப்பட்டதெண்டு சொல்லுறீர். நல்லாப் படிச்சிருக்கிறீர் தங்கச்சி."

வாங்கியவர்கள் சொன்னது

விற்றுப்போன வாகனம் மறுபடி சேலுக்கு வராது என்று நினைத்தேன். வாகனம் வராது, சொந்தக்காரர்தான் வருவார். நியாயமாகச் சொன்னால் எல்லோரும் திட்டவில்லை. தேயிலைக் கொழுந்து லொறிக்காரர் ஒருவர், எங்களிடம் வாங்கிய ஜீப் மலையேறுவதைப் பற்றிப் பேசினால் நிறுத்தமாட்டார். சாய்ந்து உட்கார்ந்தால் வீட்டுக் கதிரையைவிட சுகம் என்பார். அவரே கடுகண்ணாவ ஏற்றத்தில் ஏசியை நிறுத்திவிட வேண்டும் என்றும் சொல்வார், அதுவும் ஏதோ மரியாதை செலுத்துகிற மாதிரி.

ஆனால் ஒரு உதிரிச் சாமான் உடைந்தால் போதும். கை மாறிக் கை மாறி வந்த கம்பனி, பழைய மொடலுக்குச் சாமான் செய்வதை நிறுத்திவிட்டது. கலகெதரயிலிருந்து ஒரு சிங்கள டீச்சர் இரண்டு மாதமாக ஒரு ஜன்னல் கண்ணாடி மோட்டருக்காக வந்துபோனார். ஓட்டுகிறவர் பக்கக் கண்ணாடி பாதியில் நின்றுவிட்டது. மழை வந்தால் குடையை உள்ளேயிருந்து வெளியே நீட்டிக்கொண்டு ஓட்டுவாராம். கோபமேயில்லை அவருக்கு. இறந்துபோன உறவினரைப் பற்றிப் பேசுகிற மாதிரி, கார் நல்லதுதான், சாமான்தான் இல்லை என்றார்: "கார் எக்க ஹொந்தய் மிஸ், பாட்ஸ் தமய் நெத்தே."

ரப்பர் துண்டு

இனித்தான் நான் எழுத உட்கார்ந்த விஷயம். ஓகஸ்டில் ஒரு வேன் வந்தது. வெள்ளை, சுத்தம், எஞ்சின் நல்லது. இழுவைக் கதவின் பூட்டு மட்டும் தேய்ந்திருந்தது. எங்கள் பட்டறை ஆள் ஒரு பழைய டியூப்பை வெட்டி, பூட்டு விழுகிற குழிக்குள் திணித்தார். கதவு 'டொப்' என்று கௌரவமாகச் சாத்தியது. இரண்டு மாதம் தாங்கும் என்றார். நான் பக்கத்தில் தேநீர்க் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தேன்.

அதை வாங்க வந்தவர் நிஸாம் நானா. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பழைய வேன் கைவிட்டுவிட்டது. கூடவே அவருடைய மனைவி ரம்ஸியா. வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது அவர்தான். அவர்கள் வழக்கப்படி நானும் இவரை நானா என்றும் ரம்ஸியாவைத் தாத்தா என்றும் கூப்பிடுவேன், அண்ணன், அக்கா என்கிற மாதிரி. நானா டயரைப் பார்த்தார், எண்ணெய் பார்த்தார், கதவை ஒரு தரம் இழுத்துச் சாத்தினார். டொப். பிறகு முதலாளியை விட்டுவிட்டு என்னிடம் வந்தார். சொல்வதைச் 'செல்வது' என்பது அவர் பேச்சு. "மிஸ்டர்ட கம்பனி வேன்தானே. நீங்க செல்லுங்க தங்கச்சி, நல்லமா?" முதலாளி கணக்குப் புத்தகத்தைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். இந்தத் தடவை சும்மா நிற்க முடியவில்லை, கேள்வி எனக்கு நேராக வந்துவிட்டது. "நல்ல வேன் நானா" என்றேன். அவர் மனைவியின் பக்கம் திரும்பி, "பார்த்தியா" என்று சிரித்தார். பிறகு என்னிடம்: "நீங்க செல்றதாலதான் எடுக்கிறேன்."

ஒரிஜினல் சாமான்

ஜனவரியில் என் மகள் முதலாம் வகுப்புக்குப் போனாள். எங்கள் தெருவுக்கு வருகிற ஒரே பள்ளிக்கூட வேன் எது என்று நான் சொல்ல வேண்டுமா? முதல் நாள் காலையில் அந்த வெள்ளை வேனைப் பார்த்ததும் பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "இவளுக்கு வேன்ல வாந்தி வரும் தாத்தா, நான் பஸ்ல கூட்டிட்டுப் போறேன்" என்றேன். மகள் என்னை அண்ணாந்து பார்த்தாள். அவளுக்கு ஒரு நாளும் வாந்தி வந்ததில்லை.

பெப்ரவரியில் மஹியாவ வளைவில் கதவு தானாகத் திறந்துகொண்டது. ஓரத்தில் இருந்த பிள்ளையை ரம்ஸியா தாத்தா சட்டைக் கொலரில் பிடித்து இழுத்தாராம். அன்றைக்கே நானா என்னைத் தேடி வந்தார், சண்டைக்கு இல்லை. மிஸ்டரிடம் சொல்லி கம்பனியிலிருந்து அந்தப் பூட்டை அனுப்பச் சொல்லுங்கள் என்று கெஞ்சத்தான் வந்தார். வேறொரு பட்டறைக்காரன் கதவில் துளை போட்டு வேறு பூட்டு வைக்கிறேன் என்றானாம், ஒரிஜினல் வரும் என்று இவர்தான் வேண்டாம் என்றிருக்கிறார். அதுவரைக்கும் கதவைக் கட்டிவைக்க ஒரு கயிறு.

அன்றிரவு கணவரிடம் சொன்னேன். போனில் கடல் காற்று இரைந்தது. "ஏன்டி, நான் மீனுக்குத் தீனி போடுறவன். இந்த ஊர்ல காரை நானும் ரோட்டுலதான் பாக்குறேன். உள்ளதச் சொல்லிட்டு வேலய விடு" என்றார். வேலையை விட்டால் வேறு வேலை? ஆகவே நானாவிடம், "சொல்லியிருக்கேன், வரும்" என்றேன். அடுத்த வாரமும் வரும் என்றேன். தெருவில் வேன் நிறுத்த இடமிருப்பது எங்கள் வீட்டுக்குக் கீழேதான், அங்கே தினமும் இரவில் அவர் அந்தக் கதவை இழுத்து இழுத்துச் சாத்திப் பார்க்கிறார், பூட்டு ஒரு நாள் மனம் மாறும் என்பதுபோல. நேற்று ரோட்டில் கண்டு, துளை போடுங்கள் நானா என்று நானே சொன்னேன். அவர் பெருந்தன்மையாகத் தலையாட்டினார்: "மிஸ்டர்ட ஒரிஜினல் வாற நேரத்துல, கதவ துளைக்க மனசில்ல தங்கச்சி."

இன்று

இருட்டினால் எனக்குப் பயம். கணவர் போனதிலிருந்து வாசல் கதவுக்கு ஒரு கதிரையை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் படுப்பேன். நல்ல பித்தளைத் தாழ்ப்பாள் ஒன்று வாங்கினேன். அடித்துத் தர வருகிறேன் என்ற ஆசாரி வரவில்லை, அது பையோடு அலுமாரியில் கிடந்தது. இன்றைக்கும் சத்தம் கேட்டது. சர்ர்ர்... டொக். நான் கதிரையை நகர்த்திவிட்டுப் படி இறங்கினேன்.

நானா வேனுக்கு வெளியே, ரம்ஸியா தாத்தா உள்ளே, கையில் போன் வெளிச்சம். நின்ற நிலையில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என் கணவர் கார்க் கம்பனியில் இல்லை, மீன் வளர்க்கிறார். எந்தப் பூட்டும் வராது. அந்தக் குழிக்குள் ரப்பர் திணித்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். நானா குழிக்குள் விரலை விட்டுத் துழாவி, மிச்சமிருந்த ரப்பர் துணுக்கை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் சுகமாக இருந்திருக்கும். வேனுக்குள்ளிருந்து தாத்தாதான் மெதுவாகக் கேட்டார்: "ஒங்கட புள்ளைய பஸ்ஸுல அனுப்பினது அதுக்குத்தானா?"

நான் ஓடிப்போய்ப் பித்தளைத் தாழ்ப்பாளைக் கொண்டுவந்து கொடுத்தேன். நானா அதை வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. போன் வெளிச்சத்தை நான் பிடித்தேன். வேனிலிருந்த கருவிப்பெட்டியை எடுத்து, அத்தனை நாள் துளைக்க மனசில்லாமல் விட்டிருந்த கதவில் அவர் நான்கு துளை போட்டார், கதவுச் சட்டத்தில் இரண்டு. நாளைக்கு அவர் சேலுக்கு வருவார், அதற்குப் பிறகு எனக்கு அங்கே இடமிருக்காது. தாத்தா உள்ளே உட்கார்ந்து கதவை இழுத்து, தாழ்ப்பாளைத் தள்ளினார். தோளால் இரண்டு தரம் இடித்துப் பார்த்தார். அசையவில்லை. பிறகு கண்ணாடியைக் கொஞ்சம் திறந்து என்னிடம் சொன்னார்: "நாளைக்கு ஒங்கட மகள் கதவோரம் இருக்கட்டும்."

எட்டு மாதமாக ஊரார் வாகனங்களுக்கெல்லாம் வாயாலேயே வாரன்டி கொடுத்தவளுக்கு, கையால் கொடுத்த ஒரே வாரன்டி தன் வாசலுக்கு வாங்கிய தாழ்ப்பாளாகப் போய்விட்டது. அது இப்போது கீழே அந்த வேனுக்குள் பூட்டிக் கிடக்கிறது, என் கதவுக்கு இன்றைக்கும் கதிரைதான்.