மூடியின் மேல் பிள்ளையார், மூடிக்குள் ஆர்.சி. புக்

டிப்ளமோ முடித்துவிட்டு நேராக ஒர்க்‌ஷாப்புக்கு வருகிற தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். கேட் டிராயிங், தகட்டு கேஜ், டாலரன்ஸ் எல்லாம் பாலிடெக்னிக்கில் சொல்லிக் கொடுத்தார்கள். இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

1. பத்து மணிக்கு வந்த போன்

செங்கல்பட்டில் பழைய ஜீப்புகளைப் புதுப்பிக்கும் ஒர்க்‌ஷாப் எங்களுடையது. ஒருநாள் காலை பத்து மணிக்கு முதலாளி சேகர் அண்ணனின் போன் அடித்தது. கையில் கிரீஸ் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"சேகரு, உன் ஆளு செஞ்ச டப்பா தொறக்க மாட்டேங்குது. ஆர்.சி. புக்கு உள்ளாற கீது. பதினொண்ணரைக்கு எனக்கு ஆர்.டி.ஓ. இன்ஸ்பெக்‌ஷன். இன்னா பண்றது?"

பேசியவர் தட்சிணாமூர்த்தி சார். மாமல்லபுரத்தில் சிற்பக்கூடம் வைத்திருக்கிறவர். அவருடைய ஜீப்பின் டாஷ்போர்டில் நான் செய்த டப்பாவை மூன்று நாளைக்கு முன்னால்தான் டெலிவரி கொடுத்திருந்தோம்.

சேகர் அண்ணன் என்னைப் பார்த்தார். "டிப்ளமோ, நீயே போ. தொறந்துட்டு வா. தொறக்கலன்னா இங்க வராத, அப்பிடியே வூட்டுக்குப் போய்டு."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் பயமாக இருந்தது. எனக்கு மூன்று மாத டிரையல், அதில் கடைசி வாரம். நானே டிசைன் செய்து நானே மாட்டிய முதல் வேலை அந்த டப்பா. அது சரியாக வந்தால் பர்மனெண்ட் என்று பேச்சு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா செங்கல் சூளையில் லாரிக்கு லோடு ஏற்றுகிறார். டிப்ளமோ படித்தவனும் அதே லாரிக்குக் கீழே போய் நின்றால், படிக்க வைத்ததற்கு அவர் என்ன பதில் சொல்வார் என்பதுதான் அப்போது என் கவலை.

2. டப்பா பிறந்த விதம்

முப்பது வருஷத்து ஜீப் அது. டாஷ்போர்டின் மேலிருந்த பேட் வெயிலில் வெடித்து, ரெக்சின் கிழிந்து, ஃபோம் தூள்தூளாகக் கொட்டிக்கொண்டிருந்தது. கை வைத்தால் சட்டையெல்லாம் மஞ்சள் மாவு. "இதைத் தூக்கிட்டு சாமான் வெக்கிற மாதிரி ஒரு டப்பா போட்டுக் குடுங்கபா" என்றார் தட்சிணாமூர்த்தி சார்.

பேட்டைக் கழற்றும்போது அதன் மேல் ஒரு சின்ன பிளாஸ்டிக் பிள்ளையார், டபுள் சைடு டேப்பில் ஒட்டியிருந்தார். பத்திரமாக உரித்து, கவரில் போட்டு, "சார், உங்க சாமி" என்று கொடுத்தேன். அத்தோடு அந்த வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

பேட்டுக்கு அடியில் இருந்த தகட்டை உப்புக்காற்று அரித்திருந்தது. அதை வெட்டி எடுத்துவிட்டு, டப்பாவின் அடித்தகடே டாஷின் தகடாக இருக்கும்படி வரைந்தேன். சேகர் அண்ணன் இரண்டே யோசனை சொன்னார். "இருவத்திரெண்டு கேஜ் போதும்." நான் அதைவிடக் கெட்டியான பதினெட்டு போட்டேன். "அடித்தகடுக்கு போல்ட்டு போடு, நாளைக்குக் கழட்ட வரும்." ரிவெட்தான் பார்க்க நீட்டாக இருக்கும் என்று ரிவெட் அடித்தேன். மேல்மூடிக்கு, முன்கண்ணாடிப் பக்கம், மூடியின் நீளத்துக்கே ஒரு கீல், பியானோ ஹிஞ்ச் என்பார்கள். மூடியைச் சுற்றி ரப்பர் பீடிங். மேலே கறுப்பு பெயின்ட். ஒரு மி.மீ. கூடத் தப்பவில்லை.

டெலிவரி அன்று தட்சிணாமூர்த்தி சாரிடம் நானே சொன்னேன்: "இனிமே எல்லா பேப்பரும் இதுக்குள்ளயே வெச்சுக்கங்க சார். தண்ணி போகாது. மூடி மேல ஆளே ஏறி நிக்கலாம்."

இரண்டையும் அவர் அப்படியே எடுத்துக்கொண்டார். நான் சொன்னதை அவ்வளவு அக்கறையாகக் கேட்ட கஸ்டமர் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

3. ஆர்.டி.ஓ. மைதானம்

டூல் பையோடு முதலாளியின் டி.வி.எஸ்.ஸில் மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்து ஐம்பது. ஜீப்பைப் பார்த்ததும் வண்டியை ஸ்டாண்ட் போட மறந்துவிட்டேன்.

நான் செய்த மூடியின் மேல், கண்ணாடியை ஒட்டி, நட்டநடுவில் ஒரு சாண் உயரக் கருங்கல் பிள்ளையார் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் சந்தனம், கழுத்தில் அருகம்புல்.

"சார், இது..."

"நேத்து சாயந்தரம் நானே வெச்சேன். ஃபோம் மேல கல்லு நிக்காதுன்னுதான் இத்தினி நாளு பிளாஸ்டிக் வெச்சிருந்தேன். நீதான ஆளே நிக்கலாம்னு சொன்ன?"

"எதுல ஒட்டினீங்க?"

"எங்க பசைதான். ஒடஞ்ச கல்லை ஒட்டுவோமே, அது. தூணே நிக்கும்."

குனிந்து பார்த்தேன். பீடத்தின் முன்பாதி மூடி மேல். பின்பாதி ஹிஞ்சைத் தாண்டி, டாஷின் அசையாத தகட்டின் மேல். பசை ஹிஞ்சுக்குள் இறங்கி ராத்திரியெல்லாம் இறுகியிருந்தது. என் பெயின்டைவிட நல்ல ஃபினிஷ்.

"மூடின்றதே மறந்து போச்சுபா" என்றார் அவர். "பாக்க பீடம் மாதிரியே இருந்துச்சா, பீடம்னே நெனச்சிட்டேன்."

பாராட்டா, புகாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"உளி வெச்சு எடுத்துரலாமா சார்?"

"எடுக்கலாம். எங்கனா மூளி ஆச்சுன்னா? மூளியான சாமிய வெச்சுக் கும்புடக்கூடாதுன்னு வர்ற கஸ்டமருக்கெல்லாம் நானே சொல்றவன். என் வண்டில நானே மூளியா வெச்சுகினு போவேனா?"

அதற்குள் இன்ஸ்பெக்டர் மேடம் வந்துவிட்டார். முதலில் பிள்ளையாரைப் பார்த்தார். செருப்பை விட்டு ஒரு காலை எடுத்தார், பிறகு எங்கே நிற்கிறோம் என்று நினைவு வந்து திரும்ப மாட்டிக்கொண்டு, கன்னத்தில் மட்டும் போட்டுக்கொண்டார்.

"லட்சணமா இருக்காரு. ஆர்.சி. புக் எங்க?"

"அவருக்குக் கீழ இருக்கு மேடம்" என்றேன்.

"கொஞ்சம் நகர்த்தி எடுங்க."

"நகர மாட்டாரு மேடம்" என்றார் தட்சிணாமூர்த்தி சார், கொஞ்சம் பெருமையாக.

மேடம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் அந்த வேனைப் பாத்துட்டு வரேன். வர்றதுக்குள்ள எடுத்தீங்கன்னா சரி. இல்லன்னா வேற நாள் வாங்க."

மேலே வழியில்லை. மிச்சமிருந்தது கீழ்ப்பக்கம். ஜீப்புக்குள் மல்லாந்து படுத்து, தலையை ஸ்டியரிங் ராடுக்குப் பக்கத்தில் நுழைத்து, கால் இரண்டையும் வெளியே நீட்டினேன். முகத்துக்கு நேரே என் அடித்தகடு. போல்ட் போட்டிருந்தால் ஐந்து நிமிஷ வேலை. இருபத்திரண்டு கேஜாக இருந்தால் கத்திரியிலேயே கிழிந்திருக்கும். நான் எங்கெல்லாம் கெட்டிக்காரனாக இருந்தேனோ அங்கெல்லாம் இப்போது முட்டியது.

இரும்பு உளியை வைத்துச் சுத்தியலால் ஒரு அடி. மேலேயிருந்து அலறல்.

"டேய், டேய்! சாமி அதிர்றாருடா! அடிக்கறதுக்கு முன்ன சொல்லு, புடிச்சுக்கறேன்!"

"அடிக்கிறேன் சார்."

"உம்."

"அடிக்கிறேன் சார்."

"உம்."

இப்படியே போனது. அவர் இரண்டு கையாலும் பிள்ளையாரின் தொந்தியை அணைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, ஒவ்வொரு அடிக்கும் "உம்" சொன்னார். பக்கத்து ஆட்டோக்காரர் கேட்டது எனக்குக் கீழே கேட்டது: "இன்னா அண்ணாத்த, இன்ஸ்பெக்‌ஷனுக்கு முன்ன இப்பிடி ஒரு பூஜை கீதா? எங்களுக்கு யாரும் சொல்லவே இல்லியே?"

ஓட்டை விழுந்ததும் தகடு கத்திரியை நுழைத்து மூன்று பக்கம் வெட்டினேன். நாலாவது பக்கம் வெட்டத் தேவையிருக்கவில்லை. தகடு தானாக மடங்கி, உள்ளே இருந்ததெல்லாம் என் முகத்தில் கொட்டியது. கூலிங் கிளாஸ், சீப்பு, இன்ஷூரன்ஸ், கடைசியாக அட்டை போட்ட பழைய ஆர்.சி. புக்.

மேடம் வந்தபோது நான் படுத்தபடியே புக்கை நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். சேஸிஸ் நம்பர் பார்த்தார். பிரேக், லைட், ஹாரன் பார்த்தார். போகும்போது, "டப்பா ஐடியா நல்லா இருக்கு. ஏன் கீழ்ப்பக்கமா தொறக்கற மாதிரி வெச்சீங்க?" என்று கேட்டார்.

தட்சிணாமூர்த்தி சார் யோசிக்காமல் பதில் சொன்னார்: "மேல சாமிக்கு மேடம். கீழ எனக்கு."

4. கோணல் ஓட்டை

ஜீப்பும் நானும் ஒன்றாகத்தான் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தோம். டப்பாவைத் திறந்துவிட்டேன், ஆனால் டப்பா போய்விட்டது. இதைத் திறந்த கணக்கில் சேர்ப்பாரா, உடைத்த கணக்கில் சேர்ப்பாரா என்று தெரியாமல் நின்றேன்.

சேகர் அண்ணன் குனிந்து, டார்ச் அடித்து, ஓட்டையைப் பார்த்தார். "நீ வெட்டினதா?"

"ஆமாண்ணா."

"கோணலா கீது."

"டப்பாவுல ஒரு கொறையும் இல்ல சேகரு" என்றார் தட்சிணாமூர்த்தி சார். "ஓட்டைக்கு மட்டும் ஒரு கதவு போட்டுக் குடு."

அன்று மாலைக்குள் போட்டேன். போல்ட் வைத்துத்தான். கிளம்பும்போது சேகர் அண்ணன் தலை நிமிராமல் சொன்னார்: "நாளைக்கு எட்டரைக்கு வந்துடு."

டிரையல் ஆட்களுக்கு ஒன்பது மணி. பர்மனெண்ட் ஆட்களுக்குத்தான் எட்டரை. வீட்டில் அதை அப்பாவுக்குப் புரியவைக்கக் கொஞ்ச நேரமானது. "அரை மணி சீக்கிரம் வரச் சொன்னதுக்கா இவ்ளோ சிரிப்பு?" என்றார்.

அதற்கப்புறம் சதுரங்கப்பட்டினத்திலிருந்து ஒருவர் இதே வேலைக்கு வந்தார். பாடம் கற்றவனாயிற்றே, முதலிலேயே கேட்டேன்: "டாஷ்போர்டு மேல சாமி எதுனா வெப்பீங்களா சார்?"

"நமக்கு அந்தப் பழக்கமே கெடயாது தம்பி. நான் பகுத்தறிவு" என்றார்.

நிம்மதியாக மேலே மூடி வைத்துக் கொடுத்தேன். டெலிவரி அன்று அவர் பையிலிருந்து தன் தலைவரின் மார்பளவு சிலையை எடுத்தார். மூடியின் நட்டநடுவில் வைத்து, நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தார். "அசையாம நிக்கணும். எதுல ஒட்டலாம் தம்பி?"

இப்போதெல்லாம் நான் கேட்பதில்லை. ஒரு டாஷ்போர்டின் மேல்பக்கம், நாம் அளவெடுக்க டேப் பிடிப்பதற்கு முன்பே, யாரோ ஒருவருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்த இடத்தில் நம் டிசைன் செல்லாது. தம்பிகளே, கதவைக் கீழே வையுங்கள். போல்ட் போடுங்கள்.