லியோனில் மச்சாளுடன் ஒரு மாலை

அந்த டிசம்பரில் பிரெஞ்சு நகரமான லியோனுக்கு நான்தான் கார் ஓடினேன். கணவருக்குத் தொழிற்சாலையில் லீவு கிடைக்கவில்லை. அவருடைய அக்கா, அதாவது என் மச்சாள், முழங்கால் ஒப்பரேஷன் முடிந்து ஜெர்மன் நகரமான ஹம்மில் எங்கள் வீட்டில் இருந்தார். மாதாவுக்காக ஊர் முழுவதும் ஜன்னல்களில் விளக்கு வைக்கும் அந்த விழாவைப் பார்க்க அவருக்கு நெடுநாள் ஆசை. கால் சுகமான பிறகு பார்க்கலாம் என்றார் கணவர். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற எனக்கு ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போவது பெரிய விஷயமாகப் படவில்லை.

சக்கர நாற்காலியைக் காருக்குள் ஏற்றியபோது மச்சாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எங்கடை ஆக்கள் ஆரும் கண்டால் என்ன நினைப்பினம்?"

"கால் ஏலாது எண்டு நினைப்பினம். ஏறுங்கோ மச்சாள்."

லியோனில் கணவரின் தம்பி வீட்டில் தங்கினோம்; அவருக்கு ஒரு ரெஸ்டோரண்டில் சமையல் வேலை. விழா நாளில் அவரால் வர முடியாது. "உந்தச் சனத்துக்கை கதிரையைத் தள்ளிக்கொண்டு போக ஏலாது அண்ணி. டிவியிலை பாருங்கோ" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். இருட்டத் தொடங்கியதும் நாங்கள் வெளிக்கிட்டோம்.

ஆற்றுப் பாலம் வரை சுகமாகவே போனோம். அதற்கப்பால் தோளோடு தோள் ஒட்டிய கூட்டம். பேராலயச் சதுக்கத்துக்குப் போகும் ஒடுங்கிய தெருவில் எல்லாம் அப்படியே நின்றுவிட்டது. கட்டடச் சுவர்களில் பாய்ச்சிய ஒளி நீலமும் சிவப்புமாக ஓடியது, சனம் "ஓ" என்றது. நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வடிவாயிருக்கே மச்சாள்?"

"எனக்கு ஒண்டும் தெரியேல்லை. முதுகுகள்தான் தெரியுது."

குனிந்து அவருடைய உயரத்திலிருந்து பார்த்தேன். உண்மைதான். கோட்டுகளும் கைப்பைகளும் மட்டுமே. பின்னால் வந்தவர்கள் நெருக்க, மச்சாள் என் கையை இறுகப் பிடித்தார். "போதும், திரும்பிப் போவம்."

திரும்பவும் வழியில்லை. நாற்காலியைப் பின்பக்கமாகத் திருப்பி, என் முதுகால் கூட்டத்தை விலக்கிச் சதுக்கத்தை நோக்கி இழுக்கத் தொடங்கினேன். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. "ஃபோர்ஸிஷ்ட், பிட்ட!" என்று, கவனம், தயவுசெய்து வழிவிடுங்கள் என்ற பொருளில், ஜெர்மனில் உரக்கச் சொன்னேன். அந்தக் குரலுக்கு எங்கள் இல்லத்தில் தாத்தாமாரே வழிவிடுவார்கள். இங்கேயும் விட்டார்கள். மச்சாள் முதலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்தில் யாரோ சொன்னதைக் கேட்டுப் பிடித்து, "பார்தோன், பார்தோன்" என்று பிரெஞ்சில் தானும் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார்.

சதுக்கத்தில் ஒரு வீட்டு வாசற்படியைக் கண்டேன். அதில் நின்ற இரண்டு இளைஞர்களுக்கு நாற்காலியையும் படியையும் கையால் காட்டினேன். உடனே இறங்கிவந்து, ஆளோடு சேர்த்துத் தூக்கி மேலே வைத்தார்கள்.

ஆலயத்தின் முகப்பு முழுவதும் அசைந்துகொண்டிருந்தது. கல்லுக்குள்ளிருந்து கொடிகள் முளைத்தன, கோபுரம் பொன்னாகியது, பிறகு சட்டென்று இருட்டு. மச்சாள் சிலுவை போட்டுக்கொண்டார்.

"முடிஞ்சுதோ?"

"திரும்பப் போடுவினம்."

"அப்ப இருப்பம்."

குளிரில் என் விரல்கள் மரத்துவிட்டன. நாற்காலிப் பிடியை விட்டு, கைகளை அவருடைய சால்வைக்குள் நுழைத்துக்கொண்டேன். நாலைந்து தடவை அதையே பார்த்தோம். யார் கண்டார்கள், யார் காணவில்லை என்று அவர் பிறகு கேட்கவே இல்லை.

அடுத்த வருஷம் தான் இருக்கிற கொலோனிலிருந்து அதே விழாவுக்கு எங்கள் ஆட்களுக்குப் பஸ் ஒழுங்கு செய்து, முன்னுக்கு நடந்து போனவர் மச்சாள்தான். எனக்கு அன்றைக்கு வேலை.