அரைப்பேர் யாருடைய சொல்

இணையத்தில் சொற்களுக்குப் பிறந்த ஊர் தேடி அலைகிறவர்களைப் போல வெட்டி ஆட்கள் உலகத்தில் கிடையாது. நானும் அதில் ஒருத்தி என்பதால் தைரியமாகச் சொல்கிறேன். இணைய விளையாட்டில் ஆடத் தெரியாதவரை ‘நூப்’ என்கிறோமே, அது பட்டாளத்தில் பிறந்த சொல் என்பார் ஒருவர். இல்லை, பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பையன்களைச் சொன்னது என்பார் இன்னொருவர். இரண்டு பேர் கையிலும் உறுதியான ஆதாரம் இருக்காது. ஆனாலும் ஒருவரை ஒருவர் அம்மா அப்பா வரை இழுத்துத் திட்டிக்கொள்வார்கள். அந்தச் சண்டைகளை ஒன்றுவிடாமல் படிப்பது எனக்குப் பிடிக்கும்.

நான் இலங்கை மலையகத்தில், கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. பின்னேரம் கொப்பிகளைத் திருத்தி வைத்துவிட்டு, தம்பியோடு சேர்ந்து போனில் துப்பாக்கிச் சண்டை விளையாடுவேன். ஓர் அணிக்கு நாலு பேர் வேண்டும். நான், தம்பி, ஒன்றாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்து படித்த சிநேகிதி. நாலாவது ஆளை விளையாட்டே எங்கிருந்தாவது பிடித்துத் தரும். ஒரு நாள் யாழ்ப்பாணம், ஒரு நாள் மதுரை, ஒரு நாள் மலேசியா. சிநேகிதி எங்கள் தோட்டத்திலேயே தொழிலாளர் வீட்டு வரிசையான மேல் லயத்தில் இருக்கிறாள், கொழுந்து பறிக்கிறாள். எட்டு மாதத்துக்கு முன்பு திடீரென்று விளையாட வருவதை நிறுத்திவிட்டாள். போனுக்கு ரீலோட் போடக் காசில்லை போலிருக்கிறது என்று நானாகவே ஒரு முடிவுக்கு வந்து, அதோடு விட்டுவிட்டேன்.

எங்கள் அணிக்கென்று ஒரு சொல் இருந்தது. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் போடுவார்கள். சொன்ன அளவு கொழுந்து நிறுவையில் வராவிட்டால் அரைப்பேர்தான். காலையிலிருந்து மழையில் நின்றிருந்தாலும் பாதி நாள் சம்பளம். விளையாட்டில் ஒரு எதிரியையும் வீழ்த்தாமல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கிற ஆளை நாங்கள் ‘அரைப்பேர்’ என்று கூப்பிட்டோம். நாலாவதாக வந்தவர்கள் அர்த்தம் கேட்டுச் சிரித்தார்கள். சொல்லை எடுத்துக்கொண்டும் போனார்கள்.

போன மாதம் விளையாடும்போது முன்பின் தெரியாத ஒருவன், “டேய் அரைப்பேரு, பின்னாடி வாடா” என்று யாரையோ அதட்டியது என் காதில் விழுந்தது. எனக்குப் புல்லரித்தது. இணையத்தில் தேடினேன். விளையாட்டுச் சொற்களுக்கு அர்த்தம் எழுதும் ஒரு பக்கத்தில் எங்கள் சொல்லும் இருந்தது: பாதி உயிரோடு இருக்கும் ஆட்டக்காரர், மதுரை கல்லூரி மாணவர்கள் உருவாக்கியது. கீழே யாரோ ஒருவர் ‘அரைகுறை’யிலிருந்து வந்தது என்று பாடம் நடத்தியிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இது மலையகத்துச் சொல், எங்கள் வியர்வையில் பிறந்தது, இதை விளையாட்டுக்குள் கொண்டுவந்ததே எங்கள் அணிதான் என்று பெரிதாக எழுதினேன். பக்கத்தை நடத்துகிறவர் ஒரே வரியில் பதில் போட்டார்: “முதலில் சொன்னது யார்? சாட்சி உண்டா?”

தம்பியிடம் காட்டினேன்.

“மொதல்ல சொன்னது நாந்தானே அக்கா” என்றான்.

“வாய மூடுடா, நான் சொல்லித்தான் ஒனக்கே தெரியும்.”

இரண்டு நாள் சண்டை. என் சார்ஜரை ஒளித்து வைத்தான். அவனும் உரிமை கொண்டாடுகிறவன், ஆகவே அவன் சாட்சி செல்லாது. அந்த நாட்களில் எங்களோடு இருந்த ஒரே ஆள் சிநேகிதிதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேல் லயத்துக்கு ஏறினேன்.

மலைக்குப் போகும்போது இடுப்பில் கட்டும் படங்கைத் துவைத்துக்கொண்டிருந்தாள். “வாங்க டீச்சர்” என்றாள். கிண்டல் பண்ணுகிறாள் என்று நினைத்தேன். போனை நீட்டி விஷயம் முழுவதையும் சொன்னேன்.

“அரைப்பேருன்னு நம்ம டீமுல மொத மொத சொன்னது யாருன்னு ஞாபகம் இருக்கா?”

“இருக்கு. நீங்கதான்.”

“தம்பி இல்லியே?”

“இல்ல, நீங்கதான். செவ்வாக்கெழம. அன்னிக்கி பெரிய மழ. எட்டாம் நம்பர் மலையில வேல.”

அப்படியே குதிக்கலாம் போலிருந்தது. கிழமை, மழை, மலை நம்பர் எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொண்டேன். இப்படி ஒரு சாட்சி யாருக்குக் கிடைக்கும்?

“எப்பிடிடி இவ்வளவு சரியா ஞாபகம் வச்சிருக்க?”

படங்கைப் பிழிந்து கொடியில் போட்டாள்.

“அன்னிக்கி எனக்கு அரைப்பேருதான் போட்டாங்க. கொழுந்தே இல்லாத மல. பேரு போடுற கண்டாக்கு ஐயா எல்லாரு முன்னுக்கும் வச்சு சொன்னாரு. அவரு சொன்னா அது அவரு வேல, போகட்டும். மனசு சரியில்லன்னுதான் ஒங்களோட வெளையாட வந்தேன். அஞ்சு நிமிசம் ஆகல. ‘ஏய் அரைப்பேரு, என்னாடி செய்யிற’ன்னு நீ கேட்ட. தம்பி சிரிச்சான். எவனோ ஒருத்தன் அர்த்தம் கேட்டான். நீ வெளக்கமா சொன்ன. அவனும் சிரிச்சான்.”

விளக்கியது எனக்கு ஞாபகம் இருந்தது, வகுப்பில் சொல்வது போல அழகாகத்தான் சொன்னேன். அவளும் சேர்ந்து சிரித்தாள் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“எனக்குத் தெரியாதுடி” என்றேன்.

“தெரியாதுதான்.”

“நம்ம சொல்லு இல்லியா, அதான்…”

“நம்ம சொல்லா? ஒனக்கு எந்த மலையில அரைப்பேரு போட்டாங்க?”

என் அம்மாவுக்குப் போட்டிருக்கிறார்கள். எனக்கு ஒரு நாளும் இல்லை. குறித்து வைத்ததையெல்லாம் அவள் கண் முன்னாலேயே அழித்தேன்.

“மன்னிச்சிருடி.”

“அது கெடக்கட்டும். எட்டு மாசமா நான் ஏன் வரலன்னு ஒரு வார்த்த கேட்டியா? ரெண்டு லயம் தள்ளித்தானே இருக்கேன். இப்ப சாட்சிக்கு ஆள் வேணும், அதுக்குத்தானே வந்த?”

அதற்குத்தான் வந்தேன். அந்தப் பக்கத்துக்காரர் சாட்சி கேட்டிருக்காவிட்டால், அந்த ஞாயிற்றுக்கிழமையும் வீட்டில் சாய்ந்துகொண்டு விளையாடிக்கொண்டுதான் இருந்திருப்பேன்.