பொதுச் சமையலறையில் சித்தாந்த ஆராய்ச்சி

தன்னைப்போல ஒரு மேதாவியை ஸராத்தவ் நகரம் கண்டதில்லை என்று வெனியமின் தானே சொல்லிச் சிரிப்பான். பட்ட ஆய்வுக்கு அவன் எடுத்துக்கொண்ட தலைப்பு அப்படி: "உழைப்பாளியின் அன்றாட வாழ்வில் சித்தாந்தம்". அவன் குடியிருந்ததோ அறைக்கு ஒரு குடும்பமும் எல்லோருக்கும் ஒரே சமையலறையுமான பெரிய சோவியத் வீடு. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்று, பேனாவும் கேள்விகளுமாக அந்தச் சமையலறையிலேயே இறங்கிவிட்டான்.

முட்டைக்கோசு சூப்பைக் கிண்டிக்கொண்டே எல்லோரும் பத்திரிகைத் தலையங்கத்தை ஒப்பித்தார்கள். இறைச்சிக்கு வரிசையில் நின்று கால் வீங்கியவர்கூடத் தனக்கு ஒரு குறையும் இல்லை என்றார். பல்கலைக்கழகத்தில் இந்தப் பதில்களுக்கு ஏகப் பாராட்டு. வெனியமினுக்குத்தான் வயிற்றெரிச்சல். இத்தனை வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் ஒருவர்கூடத் தன்னிடம் மனம் திறக்கவில்லையே! ஒரே ஒரு உண்மை கிடைத்தால் போதும் என்று ஏங்கினான். பேனாவோடு வந்து நம்பிக்கையைப் பற்றிக் கேட்பவனிடம் யார் வாய் திறப்பார்கள்? மக்கள் மனதைப் படிக்கக் கிளம்பியவனுக்கு அது உறைக்கவே இல்லை.

கடைசியில் ஒருநாள், சமையலறையில் தனியாக இருந்த பக்கத்து அறைக்காரி, டிராம் ஓட்டும் கப்பித்தோலினாவிடம் கெஞ்சினான்.

"எழுத மாட்டேன்க்கா. இதையெல்லாம் நீங்க நிஜமாவே நம்புறீங்களா?"

அவள் கதவைச் சாத்தினாள். பேச்சு வெளியே கேட்காதபடி குழாயை முழுதாகத் திறந்துவிட்டாள்.

"மே தின ஊர்வலத்துல தலைவர் படத்தைத் தூக்கச் சொன்னா ஏன் எல்லாரும் ஓடி ஒளியறோம்? முடிஞ்சதும் அதைத் திருப்பிக் கொடுக்கப் போகணும். வர்றதுக்குள்ள வோட்கா காலியாயிடும். நம்பிக்கையாம், நம்பிக்கை! நாங்க போறதே அப்புறம் ஒண்ணா உக்காந்து சாப்பிடத்தான்."

வெனியமினுக்குக் கண் கலங்கிவிட்டது. உண்மை! அதுவும் தன்னை நம்பிச் சொன்ன உண்மை!

"நான் சொல்லிட்டேன். இப்ப நீ சொல்லு தம்பி. நீ நம்புறியா?"

வாயைத் திறந்தான். இல்லை என்ற சொல் நாக்கு வரை வந்தது. இவள் போய் யாரிடமாவது சொல்லிவிட்டால் பட்டம் என்னாவது, வேலை என்னாவது?

"கட்சியின் வழிகாட்டுதலில் நம் வாழ்வு நாளுக்கு நாள் சிறக்கிறது" என்றான், ஒரு எழுத்துப் பிசகாமல்.

கப்பித்தோலினா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கோபப்படவில்லை. குழாயை மூடினாள், கதவைத் திறந்தாள். பிறகு வீடு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"எழுதிக்கோ தம்பி. நானும் அதையேதான் சொன்னேன்."