மூன்று மீட்டர் உயரத்தில் தரை

ஒதிலியா முப்பது வருடமாகக் கதிர் அறுக்கும் பெரிய எந்திரம் ஓட்டியவள். சான் அம்ப்ரோசியோ வட்டாரத்தில் அவள் சக்கரம் படாத கோதுமை வயல் கிடையாது. ஐம்பத்தொன்றாவது வயதில் விமானம் ஓட்டப் பழகக் கிளம்பினாள். ஊர் வாய் சும்மா இருக்குமா? புருஷன் புரூனோகூட, "ஏறுறது சரி, எறங்க யார்கிட்ட வழி கேப்ப?" என்று சிரித்தான்.

பாவி, அவன் வாக்கு பலித்துவிட்டது. ஏறுவது, திரும்புவது எல்லாம் பத்துப் பாடத்தில் கைவந்தன. இறங்குவதுதான் வரவில்லை. புல் ஓடுபாதைக்கு இரண்டு ஆள் உயரம் இருக்கும்போதே விமானத்தின் மூக்கைத் தூக்கிவிடுவாள். அது வேகம் செத்துத் தொப்பென்று விழும்.

விமானக் கிளப்பில் சொல்லிக்கொடுக்கும் லௌதாரோவுக்கு இருபத்தாறு வயது. பதினாறாவது பாடம் முடிந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டே இறங்கினான்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. கிளப்புக்கு இருக்கறது இந்த ஒரே விமானம். வர்ற ஞாயித்துக்கிழமையும் இதே கதைன்னா நிறுத்திக்குவோம்."

அவளுக்குச் சுருக்கென்றது. ஊரார் நிலத்தையெல்லாம் அறுத்துக் கொடுத்தோமே, நமக்கென்று ஆசைப்பட்டது இது ஒன்றுதானே என்று நாலு நாள் புழுங்கினாள்.

வியாழக்கிழமை வேலை முடிந்து எந்திரத்திலிருந்து இறங்கி, புரூனோவின் சின்னக் காரில் ஏறினாள். கார் நகர்ந்ததும், "ஐயையோ, தரை முட்டப்போவுது!" என்று காலை மடக்கிக்கொண்டாள். அறுவடை மாதத்தில் தினமும் நடக்கிற கூத்து. புரூனோ வழக்கம்போலச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

எந்திரத்தில் அவள் கண் தரையிலிருந்து மூன்று மீட்டர் மேலே இருக்கும். அவ்வளவு கீழே புல் தெரிந்தால், சக்கரம் மண்ணில் இருக்கிறது என்று முப்பது வருடமாய் அந்தக் கண்ணுக்குக் கணக்கு. ஆகாயத்துக்கும் அதே கண்தானே கூட வந்தது!

"வண்டிய கிளப்புக்குத் திருப்பு," என்றாள்.

மூன்று சாயங்காலம், நிறுத்தியிருந்த விமானத்துக்குள் உட்கார்ந்து, மாத்தே தேநீரை உறிஞ்சிக்கொண்டு, இதன் சக்கரம் மண்ணில் இருந்தால் புல் எவ்வளவு கிட்டத்தில் தெரியும் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். மெக்கானிக் சாந்தோஸுக்கு வாய் நமநமத்தது.

"என்ன, அடைகாக்கறியா? எப்ப குஞ்சு பொரிக்கும்?"

"பொரிச்சா மொதல்ல உன்னத்தான் கொத்தும், போடா."

ஞாயிற்றுக்கிழமை லௌதாரோவோடு மூன்று சுற்று. முதல் முறை கொஞ்சம் குலுங்கியது. மூன்றாம் முறை அவன் கை மடியைவிட்டு எழவே இல்லை. விமானம் நின்றதும் கதவைத் திறந்து இறங்கிவிட்டான்.

"தனியா ஒரு சுத்து போய்ட்டு வாங்கக்கா."

"நீ வரல?"

"நான் எதுக்கு, வெறும் பாரம்."

பயமில்லை என்று பொய் சொல்வானேன், இடுப்புப் பட்டையை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துக்கொண்டாள். அவன் எடை இல்லாத விமானம் சட்டென்று எழும்பியது. சுற்றி வந்து ஓடுபாதையை நோக்கித் தாழ்ந்தாள். இப்போதே தூக்கு என்று பழைய கண் கெஞ்சியது. 'இரு' என்றாள். புல் தனித்தனியாகத் தெரிந்தபோது மெல்ல மூக்கைத் தூக்கினாள். இன்னும் தரை வரவில்லையே என்று மூச்சைப் பிடித்துக் காத்திருந்தாள். காலுக்கடியில் கடகடவென்று சத்தம் கேட்ட பிறகுதான் தெரிந்தது, சக்கரங்கள் எப்போதோ புல்லில் உருள ஆரம்பித்துவிட்டன.

முதல்முறை தனியாகப் பறந்தவர் அங்கே நனையாமல் வீடு போனதில்லை. லௌதாரோவும் சாந்தோஸும் வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார்கள். அவள் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"என்னடா பாக்கறீங்க?" என்றாள் ஒதிலியா. "தலையோட ஊத்துங்க. அழுதேன்னு ஒருத்தனும் சொல்லக்கூடாது."