தசமிக்குப் போன கணேஸ்வரன்

லண்டனில் ஹவுன்ஸ்லோ பக்கத்தில் கணேஸ்வரனிடம் நல்ல நாள் கேட்காமல் வீடு மாறும் தமிழர் குறைவு. விமான நிலையத்தில் சக்கர நாற்காலி தள்ளுவது அவர் வேலை. வீட்டுக்கு வந்தால், டூட்டிங் கடைக்காரர் இனாமாகக் கொடுத்த நாட்காட்டியின் முன்னால் நிற்பார். "வெள்ளி வேண்டாம், அட்டமி. ஞாயிறு செய்யுங்கோ" என்பார். அதற்கு மறுபேச்சுக் கிடையாது.

அந்த மனுசனுக்கும் ஓர் ஆசை. நாற்காலி தள்ளிப்போகும் நடைவழியில் ஒரு சுற்றுலா விளம்பரம் இருந்தது. லடாக்கில் ஒரு மடத்துப் பிக்குகள் ஆடும் முகமூடி நடனம். நடுவில் கொம்பும் பிதுங்கிய கண்ணுமாக ஒரு மான்முகம். ஒன்பது வருடமாக அதைக் கடந்து போனவர், சாகமுதல் நேரில் பார்த்தே தீருவது என்று முடிவெடுத்தார்.

அந்தப் பிக்குகளின் திபெத்திய நாட்காட்டியில் ஐந்தாம் மாதம், வளர்பிறைத் தசமி என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தது. போதாதா? அவர்களுடைய புதுவருடத்திலிருந்து விரல்விட்டு எண்ணி நாளைக் குறித்தார்.

"இஞ்சாருங்கோ, ஒருக்கா மடத்தில கேட்டுப் பாருங்கோவன்," என்றார் மனைவி நாகேஸ்வரி.

"தசமிக்கு ஆரைக் கேக்கிறது? லண்டனுக்கு ஒரு நிலவு, லடாக்குக்கு வேற நிலவோ?"

சொன்னால் கேட்கிற ஆளா அவர்! ஆறு பேரோடு ஷிப்ட் மாற்றி, இரண்டு வாரம் லீவு எடுத்து, மூச்சு வாங்க வாங்கப் புருசனும் மனைவியும் மடத்துப் படியேறினார்கள். முற்றத்தில் ஒரு சனமில்லை. டீ-சேர்ட்டும் சப்பாத்துமாகப் பத்துப் பிக்குகள் சுற்றிச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"இது ஒத்திகை. திருவிழா அடுத்த மாதம்," என்றார் ஒரு பிக்கு. "இந்த வருடம் எங்களுக்கு ஒரு மாதம் கூடுதலாக வந்துவிட்டது."

அதிக மாதம் வருது, கலியாணம் வைக்காதேங்கோ என்று ஊருக்கெல்லாம் எச்சரிக்கிற மனுசன்! திதியைப் பிடித்தவர் மாதத்தைக் கோட்டை விட்டுவிட்டார். இனி லீவும் கிடைக்காது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து நாகேஸ்வரி பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

"மான்முகம் ஆருக்கு?" என்று மட்டும் கேட்டார் கணேஸ்வரன்.

தடித்த கண்ணாடி போட்ட ஒரு குண்டுப் பிக்கு கையை உயர்த்தினார். இடப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் ஒவ்வொரு தடவையும் வலப்பக்கம் திரும்பி, பக்கத்து ஆளோடு மோதினார். மோதிவிட்டு, கணேஸ்வரனைப் பார்த்துச் சிரித்தார். மூன்று நாள் கணேஸ்வரன் அந்த முற்றத்தை விட்டு அசையவில்லை.

இப்போது நாள் கேட்டு வருகிறவர்களிடம், "எதுக்கும் போன் பண்ணி ஒருக்காக் கேளுங்கோ" என்கிறார்.

போன கிழமை, சென்னையிலிருந்து வந்திறங்கிய மனோரமா என்ற வயதான அம்மாவை நாற்காலியில் தள்ளிப்போனார். "ஐயோ, என்ன இது, பயமா இருக்கே!" என்று அந்த அம்மா விளம்பரத்து மான்முகத்தைக் காட்டினார்.

கணேஸ்வரன் நாற்காலியை நிறுத்தினார்.

"பயப்பிடாதேங்கோ அம்மா, எனக்குத் தெரிஞ்ச ஆள்தான். இடப்பக்கம் திரும்பேக்கை மட்டும் கொஞ்சம் தள்ளி நிக்கோணும்."