சம்பந்தியின் ஊர்ப் பதிவேடு

மகள் ஓர் ஆங்கிலேயப் பையனைக் கட்டப்போகிறேன் என்று சொன்னது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். அப்போது நாங்கள் லண்டன் டூட்டிங்கில் இருந்தோம். மனைவி சில நாள் என்னோடும் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "என்ன ஆக்கள் எண்டு விசாரிச்சனீங்களே?" சாதியைத்தான் கேட்டாள்.

லண்டனில் யாரிடம் விசாரிப்பது? பையனின் தகப்பனிடமே கேட்டேன். ரயில் ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர். அவர் கோபிக்கவில்லை. "நானும் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். வாருங்கள்," என்றார். அடுத்த சனிக்கிழமை நகரத்துக்குள் ஓர் ஆவணக் காப்பகத்துக்குக் கூட்டிப்போனார். அவருடைய முன்னோரின் கிராமத்துத் தேவாலயப் பதிவேடுகளை அங்கே மைக்ரோபிலிமில் பார்க்கலாம்.

ஒரே திரையின் முன் தோளோடு தோள் உரச உட்கார்ந்தோம். ஞானஸ்நானம், கலியாணம், அடக்கம். எல்லாம் கோணல்மாணலான பழைய எழுத்து. அவர் குடும்பத்து ஆண்கள் அத்தனை பேரும் வயற்கூலிகள். எழுதத் தெரியாததால் கலியாணப் பதிவில் கையெழுத்துக்குப் பதிலாகப் பெருக்கல் குறிபோல ஒரு புள்ளடி. நாங்களாக இருந்தால் சம்பந்தி வீட்டாருக்கு இதை மறைத்திருப்போம். அவரோ ஒவ்வொரு புள்ளடியையும் எனக்குத் தொட்டுக் காட்டினார்.

பின்னேரம் அடக்கப் பதிவுகளுக்கு வந்தோம். ஒரே மாரிகாலத்தில், ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூவர். பெயர்களை நான்தான் வாசித்தேன். கடைசி, கைக்குழந்தை. அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எங்கள் வீட்டில் யாருக்கும் இவர்களைத் தெரியாது," என்றார். 

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். கூலி ஆக்கள் என்றதும் முகம் சுருங்கியது. பிள்ளைகளின் கதைக்கு வந்தபோது வெங்காயம் வெட்டுவதை நிறுத்திவிட்டாள். எங்கள் மூத்தவனை ஊரில் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள் அவள்.

"தாய்க்காரி என்ன செய்தாவாம்?"

"அதெல்லாம் எழுதேல்லை. பிறகு இன்னொரு பிள்ளை பிறந்திருக்கு. அந்தப் பிள்ளையின்ரை வழிதான் இவர்."

அவள் கத்தியைக் கழுவி வைத்தாள்.

"அந்த மனுசனை ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொல்லுங்கோ."

அவர் வந்தார். இடியப்பத்தை முள்ளுக்கரண்டியில் சுற்றிச் சுற்றிச் சாப்பிட்டார். மனைவி தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவரிடம் கேட்டது ஒன்றுதான்: அந்தக் கிராமம் எவ்வளவு தூரம்?

கலியாணத்துக்கு முன்னர் மூவரும் ஒருமுறை போய்வந்தோம். தேவாலயத்தைச் சுற்றிக் கல்லறைகள் இருந்தன. அந்தப் பிள்ளைகளுக்கென்று ஒரு கல்லும் இல்லை. கூலிகளுக்குக் கல் வைக்க வசதி இருந்திராது என்றார். எந்த இடம் என்று தெரியாத அந்த ஈரப் புல்லில், மனைவி சப்பாத்தைக் கழற்றிவிட்டு நின்றாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை.